கத்தி பட்ட பிறகு பிறக்கும் வாசனை

கிரேக்கத்தில் கோடைக்காலத்தில் எந்தத் தீவில் போய் இறங்கினாலும், கரையோரத்துச் சிறு உணவகமான தவெர்னாவில் மேசைக்கு முதலில் வருவது ஒரு சாலட் தட்டு. பெரிய துண்டுகளாக நறுக்கிய தக்காளி, வெள்ளரிக்காய், பச்சைக் குடைமிளகாய், வளையமாக அரிந்த சிவப்பு வெங்காயம், கருஊதா நிறத்துக் கலமாட்டா ஆலிவ் காய்கள். அவற்றின் மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரே பாளமாக ஃபெட்டா பாலாடைக்கட்டி, அதன்மீது தூவிய உலர்ந்த ஓரிகானோ, எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு ஆலிவ் எண்ணெய். கிரேக்கர்கள் இதை ஹொரியாட்டிக்கி, அதாவது கிராமத்துச் சாலட் என்பார்கள். லெட்யூஸ் இலை இதில் கிடையாது. மயோனைஸ் கிடையாது. வேறு நாடுகளில் ‘கிரீக் சாலட்’ என்று இலைக் குவியலின் மேல் பாலாடைக்கட்டியை உதிர்த்துத் தருகிறார்களே, அது வேறு பண்டம்.

அடுப்பே பற்றவைக்காத இதைச் சமையல் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்பதுதான் என் கட்சி. ஒரு பொருளின் வேதியியலை நம் நாக்குக்கும் வயிற்றுக்கும் ஏற்றபடி மாற்றுவதே சமையல். அந்த வேலையை நெருப்பு செய்யும், உப்பும் செய்யும், நுண்ணுயிர்கள் செய்யும், வெறும் கத்தியும் செய்யும். இந்தத் தட்டில் நெருப்பைத் தவிர மற்ற எல்லாம் உழைக்கின்றன. ஆலிவும் ஃபெட்டாவும் மாதக்கணக்கில் பக்குவப்பட்டுத் தட்டுக்கு வருகின்றன. தக்காளியும் வெள்ளரியும் வெங்காயமும் கத்தி பட்ட நொடியில்தான் பக்குவப்படவே தொடங்குகின்றன. முதல் வகைப் பக்குவத்தை நாம் காசு கொடுத்து வாங்கிவிடுகிறோம். இரண்டாவது வகை நம் கையில் இருக்கிறது. வீட்டில் செய்யும் சாலட் ருசிப்பதும் சப்பென்று போவதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே.

முழு வெள்ளரிக்காய் ஒன்றை மூக்கருகே வைத்து முகர்ந்து பாருங்கள். பெரிதாக ஒன்றும் மணக்காது. அதையே நறுக்கினால் சில நொடிகளில் அடுக்களை முழுக்க வெள்ளரி வாசனை. காய்க்குள் அடைபட்டிருந்த மணம் வெளியே வந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில், நறுக்குவதற்கு முன் அந்த மணப்பொருள் காயில் ஏறக்குறைய இல்லவே இல்லை. அது கத்தி பட்ட பிறகு பிறந்தது.

நடப்பது இதுதான். தாவரத்தின் ஒவ்வொரு செல்லையும் அதன் உள்ளறைகளையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வுகள் சூழ்ந்திருக்கின்றன. அந்தக் கொழுப்பில் லினோலெயிக், லினோலெனிக் என்ற இரண்டு அமிலங்கள் முக்கியமானவை. கத்தி செல்லைக் கிழிக்கும்போது சவ்வுக் கொழுப்பு சிதைந்து இந்த அமிலங்கள் விடுபடுகின்றன. லிப்பாக்சிஜனேஸ் என்ற நொதி அவற்றின் மீது காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுகிறது. அடுத்து இன்னொரு நொதி அந்த நீண்ட சங்கிலியைக் குறிப்பிட்ட ஓர் இடத்தில் துண்டாக்குகிறது. துண்டாகிப் பிரியும் சிறு மூலக்கூறுகள் எளிதில் ஆவியாகி மூக்கை எட்டுகின்றன. வெள்ளரியில் சங்கிலி 9 கார்பன் அணுக்கள் கொண்ட துண்டாக வெட்டப்படுகிறது; நோனாடையீனல் என்ற அந்தப் பொருள்தான் வெள்ளரியின் அடையாள மணம். தக்காளியில் வெட்டு வேறிடத்தில் விழுகிறது. 6 கார்பன் கொண்ட ஹெக்சனல், ஹெக்சினல் வகைகள் உண்டாகின்றன. பழுத்த தக்காளியை அரியும்போது இனிப்பு வாசனைக்கு நடுவே ஒரு பச்சை வாசனை எழுகிறதே, அது இவற்றால் வருவது. புல் வெட்டும் இடத்தில் எழும் மணமும் இதே குடும்பம்.

நமக்கு இது ‘புத்தம் புதிது’ என்ற உணர்வைத் தருகிறது. செடியைப் பொறுத்தவரை இது காயம் பட்டதன் அறிகுறி. கடிபட்ட இலையிலிருந்து கிளம்பும் இந்த ஆவிகள் பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் தடுக்கின்றன. அண்டை இலைகளைத் தற்காப்புக்குத் தயார்ப்படுத்துகின்றன. இலையைத் தின்னும் புழுக்களை வேட்டையாடும் குளவிகளை வரவழைப்பதும் உண்டு. செடி தன் பாதுகாப்புக்காக உருவாக்கியதைத்தான் நாம் மணம் என்று ரசிக்கிறோம்.

இதில் அடுக்களைக்கு ஒரு பாடம் உண்டு. இந்த மூலக்கூறுகள் நிலையற்றவை. உண்டான வேகத்திலேயே வேறொன்றாக மாறுகின்றன, காற்றில் கலந்து போகின்றன. ஆகவே காலையில் நறுக்கிக் குளிர்பெட்டியில் வைத்து மதியம் பரிமாறும் சாலட்டில் காய்கள் இருக்கும், மணம் இருக்காது. இந்தச் சாலட்டை உண்ணும் இடத்துக்குப் பக்கத்திலேயே, உண்ணும் நேரத்தில்தான் நறுக்க வேண்டும். மற்ற எந்த விதியையும் மீறலாம், இதை மீறக் கூடாது.

வெங்காயம் இதே தந்திரத்தின் காரமான வடிவம். அதன் செல்லில் கந்தகம் கொண்ட ஒரு சேர்மம் ஓர் அறையிலும், அலீனேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. கத்தி இரண்டையும் சந்திக்க வைக்கிறது. கண்ணில் நீர் வரவழைக்கும் ஆவி இந்தச் சந்திப்பின் தானான விளைவு என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. அதை உண்டாக்கத் தனியாக ஒரு நொதியே இருக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல் கண்டறிந்து சொன்னார்கள். சாலட்டுக்கு வெங்காயத்தின் கரகரப்பு வேண்டும், நெடி வேண்டாம். அரிந்த வளையங்களைக் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் போட்டு வடித்தால், வெட்டுப்பட்ட செல்களிலிருந்து கசிந்த காரச் சேர்மங்கள் கழுவப்பட்டுவிடும். வெட்டுப்படாத செல்கள் அப்படியே இருப்பதால் மொறுமொறுப்புக்குக் குறைவில்லை. மழுங்கிய கத்தி செல்களை நசுக்குவதால் நெடி கூடும். ஆகவே வெங்காயத்துக்குக் கூரான கத்தி.

குடைமிளகாய் மட்டும் இந்தக் கூட்டத்தில் தனி. அதன் மணத்துக்குக் காரணமான பைரசின் வகைச் சேர்மம் வெட்டுவதற்கு முன்பே காயில் தயாராக இருக்கிறது. மனித மூக்கு இதை உணரும் திறன் வியக்க வைப்பது: ஒரு லட்சம் கோடிப் பங்கு நீரில் இரண்டு பங்கு கலந்திருந்தாலே போதும். காய் பழுத்துச் சிவக்கச் சிவக்க இந்தச் சேர்மம் குறைந்து இனிப்பு கூடுகிறது. கிரேக்கர்கள் பச்சையையே போடுவதற்கு இது நியாயமான காரணம். தக்காளி ஏற்கெனவே இனிப்பாக இருக்கும்போது இன்னோர் இனிப்பு தேவையில்லை.

இனி, நெடுநாள் பக்குவத்துக்கு வருவோம். மரத்திலிருந்து நேராகப் பறித்த ஆலிவ் காயை வாயில் வைக்க முடியாது. ஒலியூரோப்பின் என்ற சேர்மம் அதில் நிறைந்திருக்கிறது; அதன் கசப்பு நாக்கை விட்டு எளிதில் போகாது. உண்ணத் தக்கதாக ஆக்க இந்தக் கசப்பை வெளியேற்றியாக வேண்டும். பச்சை ஆலிவைச் சோடியம் ஹைட்ராக்சைடு காரநீரில் ஊறவைத்துச் சில மணி நேரத்தில் கசப்பை முறிப்பது ஸ்பெயினில் பரவலான முறை. கலமாட்டா ஆலிவுக்கு அந்த அவசரம் ஆகாது. கிரேக்கத்தின் பெலொப்பொனீஸ் தீபகற்பத்தின் தென்பகுதியில் உள்ள மெசீனியா, லாக்கோனியா வட்டாரங்களில் விளையும் இந்தக் காயை நன்கு கறுத்துப் பழுத்த பிறகு பறிக்கிறார்கள். பக்கவாட்டில் கீறிவிட்டு, நீரையோ உப்புநீரையோ மாற்றி மாற்றி ஊறவைப்பது வழக்கம். கசப்பு கரைந்து இறங்கியதும் திராட்சைப்புளிக்காடியும் உப்பும் கலந்த நீரில் வைக்கிறார்கள். கீறாமல் உப்புநீரில் போட்டுவிட்டால் நுண்ணுயிர்கள் மாதக்கணக்கில் அதே வேலையை மெதுவாகச் செய்கின்றன. ஏகியன் கடலின் வடக்கே தாசோஸ் தீவில் இன்னும் விசித்திரம்: துரூம்பா என்ற ஆலிவ் மரத்திலேயே சுருங்கிக் கனிந்து தன் கசப்பைத் தானே இழந்துவிடுகிறது.

காயைவிட எண்ணெய் எனக்கு அதிக ஆச்சரியம் தருகிறது. எள்ளையும் கடலையையும் போல ஆலிவில் விதை எண்ணெய் எடுப்பதில்லை. பழச்சதையை நசுக்கிப் பிழிகிறார்கள். ஆலையில் கொட்டையோடு அரைத்த கூழை அரைமணி நேரம் போல மெதுவாகப் பிசைந்துகொண்டே இருப்பார்கள். சிதறிக் கிடக்கும் எண்ணெய்த் துளிகள் ஒன்றுசேரத்தான் அந்தப் பிசைதல். ஆனால் அந்த நேரத்தில் வேறொன்றும் நடக்கிறது. கிழிபட்ட செல்களில் லிப்பாக்சிஜனேஸ் வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஹெக்சனல், ஹெக்சினல் வகை ஆவிகள் உண்டாகி எண்ணெயில் கரைந்து தங்கிவிடுகின்றன. நல்ல ஆலிவ் எண்ணெயை முகரும்போது வரும் பச்சைத் தழை வாசனை இதுவே. தக்காளியில் உங்கள் கத்தி செய்ததை ஆலிவில் ஆலை செய்திருக்கிறது. பச்சைத் தக்காளியின்மேல் ஆலிவ் எண்ணெய் விட்டால் இரண்டும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை போல இருப்பதற்கு, இந்தப் பொது வேதியியல் ஒரு பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன். சூடு ஏறினால் இந்த நொதிகள் சோர்ந்துவிடும், உண்டான மணமும் பறந்துவிடும்; ஆகவேதான் 27 டிகிரி செல்சியசுக்குக் கீழே எடுத்த எண்ணெயைக் ‘குளிர்முறை’ என்று குறிக்க ஐரோப்பிய விதி அனுமதிக்கிறது. ‘எக்ஸ்ட்ரா வர்ஜின்’ என்று பெயர் பெற, எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் 0.8 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. தேர்ந்த சுவைஞர்கள் குழுவும் குறை சொல்லாமல் ஏற்க வேண்டும்.

நம்மூர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பொமஸ் ஆலிவ் எண்ணெய், பிழிந்து முடித்த சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுத்துச் சுத்திகரித்தது. தாளிக்கவும் பொரிக்கவும் ஆகும். இந்தச் சாலட்டுக்கு ஆகாது. மணமும் காரமும் அதில் போய்விட்டிருக்கும்.

காரம் என்றேன். நல்ல எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெயை ஒரு மடக்கு விழுங்கினால் தொண்டையின் பின்பக்கம் சுருக்கென்று குத்தும், இருமலே வரலாம். கெட்டுப்போன எண்ணெய் என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த கேரி போஷாம், 1999இல் சிசிலியில் புத்தம் புது ஆலிவ் எண்ணெயைச் சுவைத்தபோது, தான் ஏற்கெனவே ஆராய்ந்துகொண்டிருந்த ஐபுப்ரோஃபென் என்ற வலிநிவாரணி தொண்டையில் தரும் அதே எரிச்சலை உணர்ந்தார். ஒரே மாதிரி எரிந்தால் ஒரே மாதிரி வேலை செய்யுமோ என்ற கேள்வியிலிருந்து பிறந்த ஆய்வு 2005இல் நேச்சர் இதழில் வெளியானது. ஒலியோகாந்தல் என்று பெயரிடப்பட்ட அந்தச் சேர்மம், ஐபுப்ரோஃபென் தடுக்கும் அதே அழற்சி நொதிகளைச் சோதனைக்குழாயில் தடுத்தது. நாள் ஒன்றுக்கு 50 கிராம் எண்ணெய் குடித்தாலும் மருந்தளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும் என்றும் அவர்களே கணக்கிட்டார்கள். எண்ணெயை மருந்தாக எண்ண வேண்டியதில்லை. தொண்டையில் குத்தினால் எண்ணெய் புதிது, அதன் ஃபீனால் சேர்மங்கள் அழியாமல் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளலாம். அந்த அளவில் அந்தக் குத்தல் நமக்குப் பயனுள்ளது.

ஃபெட்டாவின் முன்னோர்கள் மிகப் பழையவர்கள். ஹோமரின் ஒடிசியில் ஒற்றைக் கண் அரக்கன் பாலிஃபீமஸ் தன் குகையில் ஆட்டுப்பாலைக் கறந்து, பாதியை உறையவைத்துப் பின்னிய கூடைகளில் வடியவிடுகிறான். உறையவைப்பது, வடிப்பது என்ற அந்த அடிப்படை இன்றும் அதேதான். இன்றைய ஃபெட்டாவில் செம்மறியாட்டுப் பால் 70 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. மிச்சம் வெள்ளாட்டுப் பாலாக இருக்கலாம். பசும்பால் கூடவே கூடாது. பாலில் தயிர்ப் பாக்டீரியாக்களையும் ரென்னெட் என்ற உறைநொதியையும் சேர்த்து, உறைந்த தயிர்க்கட்டியை வெட்டித் துளையுள்ள அச்சுகளில் வடியவிடுகிறார்கள். அழுத்துவதில்லை. துண்டுகளாக்கி உப்புத் தூவி, பிறகு பீப்பாயிலோ தகர டப்பாவிலோ உப்புநீரில் மூழ்கடித்து, மொத்தத்தில் குறைந்தது 2 மாதம் முதிரவிடுகிறார்கள்.

அந்த 2 மாதத்தில் பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குகின்றன. கட்டியின் பி.ஹெச். ஏறக்குறைய 4.5 வரை இறங்குகிறது. பாலின் கேசின் புரதத்தைப் பிணைத்து வைத்திருக்கும் கால்சியத்தின் பெரும்பகுதி அந்தப் புளிப்பில் கரைந்துவிடுகிறது. பீட்சாவின் மேல் இடும் மொசரெல்லா சூட்டில் உருகி நூல்நூலாக இழுபடுவது இந்தக் கால்சியப் பிணைப்பால்தான். ஃபெட்டாவில் அது பெரிதும் இல்லாததால் முள்கரண்டி பட்டதும் பாளம் பாளமாகப் பிளக்கிறது, உதிர்கிறது. இன்னொரு பக்கம், கொழுப்பும் மெல்லச் சிதைகிறது. ஆட்டுப்பாலில் கேப்ரோயிக், கேப்ரிலிக், கேப்ரிக் போன்ற குட்டையான கொழுப்பு அமிலங்கள் அதிகம். அவை விடுபடும்போதுதான் ஃபெட்டாவுக்கே உரிய அந்த மிளகுத்தன்மை வருகிறது. வெண்மைக்கும் ஆடுதான் காரணம். பசு தின்னும் புல்லின் மஞ்சள் நிறக் கரோட்டினில் ஒரு பகுதி பாலிலும் வந்துவிடும்; ஆடுகள் அதை ஏறக்குறைய முழுவதும் வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகின்றன.

பெயருக்காக நெடிய வழக்கும் நடந்திருக்கிறது. டென்மார்க்கில் பசும்பாலில் செய்து, மஞ்சளை நீக்கி வெளுத்து, அதை ஃபெட்டா என்றே விற்று வந்தார்கள். நம் புவிசார் குறியீட்டைப் போன்ற பாதுகாப்பை ஐரோப்பிய ஒன்றியம் 1996இல் கிரேக்க ஃபெட்டாவுக்குத் தந்தது. 1999இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2002இல் மறுபடி பதிவானது. ஜெர்மனியும் டென்மார்க்கும் வழக்குத் தொடுக்க, 2005 அக்டோபரில் தீர்ப்பு கிரேக்கத்தின் பக்கம் வந்தது. ஒன்றியத்துக்கு வெளியே ஏற்றுமதி செய்யும்போதுகூட அந்தப் பெயரை அனுமதித்தது தவறு என்று 2022இல் டென்மார்க்குக்கு எதிராக இன்னொரு தீர்ப்பும் வந்தது. இது வெறும் வணிகச் சண்டை என்று நான் நினைக்கவில்லை. பால் மாறினால் கொழுப்பு அமிலங்கள் மாறும், நிறம் மாறும், உதிர்வு மாறும். நாக்கில் தெரிகிற வித்தியாசத்தைத்தான் சட்டம் காப்பாற்றியிருக்கிறது.

இத்தனை பழமைக்கு நடுவே தக்காளி மிகவும் புதியவர். அமெரிக்கக் கண்டத்துச் செடியான அது கிரேக்க மண்ணில் ஊன்றியது 19ஆம் நூற்றாண்டில்தான். குடைமிளகாயும் அதே கண்டத்தது. சாக்ரட்டீசும் பிளேட்டோவும் இரண்டையும் கண்டதில்லை. வெள்ளரியோ நம் பக்கத்திலிருந்து போனது. அதன் காட்டு மூதாதை இன்றும் இமயமலை அடிவாரத்தில் கசப்பாகக் காய்க்கிறது. அந்தக் கசப்பின் மிச்சம் இப்போதும் சில காய்களின் காம்புப் பக்கத்தில் தலைகாட்டுகிறது. நம் வீடுகளில் நுனியை அரிந்து தேய்த்து நுரையை எடுப்பார்கள். தேய்ப்பதைவிட, கசக்கும் அந்த முனையைத் தாராளமாக வெட்டி எறிவதே பலன் தரும்.

தக்காளியைத் தேர்ந்தெடுப்பதில்தான் சாலட்டின் பாதி வெற்றி. சாந்தோரினி தீவின் எரிமலை மண்ணில் மழையும் பாசனமும் இல்லாமல், காற்றின் ஈரத்தை நம்பிக் காய்க்கும் சிறு தக்காளி கிரேக்கத்தில் பெயர் பெற்றது. நீர் குறைவதால் சர்க்கரையும் புளிப்பும் அதில் செறிவாக இருக்கும். நமக்கு அது கிடைக்காது. ஆனால் பயணத்தைத் தாங்குவதற்காகவே வளர்த்த கெட்டித்தோல் ரகத்தைவிட, கை பட்டால் குழையும் பழுத்த நாட்டுத் தக்காளி இதற்குப் பொருத்தம். அதைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். புளோரிடா பல்கலைக்கழகத்தில் ஹாரி கிளீயின் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு காரணத்தைக் காட்டியது. 5 டிகிரியில் ஒரு வாரம் இருந்த தக்காளியில் சர்க்கரையும் அமிலமும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. மணம் தரும் ஆவிகள் பெருமளவு குறைந்துவிட்டன. அந்த ஆவிகளைச் செய்யும் மரபணுக்களைக் குளிர் அடக்கிவிடுகிறது. வெளியே எடுத்து ஒரு நாள் வைத்திருந்தும் பழைய மணம் முழுவதும் மீளவில்லை.

விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பை வழித்து எறியும் பழக்கம் பலருக்கு உண்டு. இங்கே அதைச் செய்யவே கூடாது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் 2007இல் அளந்து பார்த்தபோது, சதையில் உள்ளதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் குளூட்டமிக் அமிலம் அந்தக் கொழகொழப்பில் இருந்தது. வாயில் நிறைவாக நிற்கும் உமாமி சுவையின் ஊற்று அது. முதிர்ந்த ஃபெட்டாவிலும் புரதம் சிதைந்து அதே அமிலம் கொஞ்சம் விடுபட்டிருக்கும். இரண்டும் சாற்றில் சேர்கின்றன.

அந்தச் சாறு எப்படி வருகிறது? தக்காளியிலும் வெள்ளரியிலும் எடையில் ஏறக்குறைய 95 விழுக்காடு நீர். நறுக்கிய துண்டின் மேல் உப்பு விழுந்ததும் வெளியே உப்புச் செறிவு கூடுகிறது. சவ்வூடு பரவலால் செல்லுக்குள்ளிருந்து நீர் வெளியேறுகிறது. மற்றச் சாலட்டுகளில் இந்த நீரைத் தொல்லையாக நினைத்து வடித்துவிடுவார்கள். ஹொரியாட்டிக்கியில் அதுவே மையம். தக்காளிச் சாறு, உப்பு, ஃபெட்டாவின் புளிப்பு, எண்ணெய் எல்லாம் தட்டின் அடியில் கலந்து நிற்கும். ரொட்டியைப் பிய்த்து அதில் தோய்த்து உண்பதைக் கிரேக்கர்கள் பாப்பாரா என்பார்கள். அந்தக் கலவைக்குத் தனியாக டிரெஸ்ஸிங் எதுவும் கலக்கத் தேவையில்லை; காய்களே அதைச் செய்துவிடுகின்றன.

இங்கே வரிசை முக்கியம். உப்பு நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெயை முதலில் விட்டுவிட்டால் துண்டுகளின் மேல் அது படலமாகப் படிந்து, பிறகு தூவும் உப்பு கரையாமல் அங்கங்கே நிற்கும். உப்பு முதலில், ஐந்து நிமிடம் கழித்து எண்ணெய். இலைக்கீரை சேர்க்காததற்கும் இங்கே ஒரு நியாயம் தென்படுகிறது. இலையின் மெழுகுப் பூச்சு நீரைத் தடுக்கும், எண்ணெயைத் தடுக்காது. எண்ணெய் உள்ளே புகுந்து இலையை விரைவில் துவளச் செய்துவிடும். தடித்த சதையுள்ள காய்கள் எண்ணெயில் அரைமணி நேரம் கிடந்தாலும் தாங்கும்.

எண்ணெய்க்குச் சுவைக்கு அப்பால் ஒரு வேலை உண்டு. தக்காளியின் சிவப்பு நிறமியான லைக்கோப்பீன் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அமெரிக்காவின் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2004இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், கீரை, கேரட், தக்காளி கலந்த சாலட்டை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: கொழுப்பே இல்லாமல், 6 கிராம் எண்ணெயோடு, 28 கிராம் எண்ணெயோடு. கொழுப்பில்லாத சாலட்டை உண்டவர்களின் இரத்தத்தில் லைக்கோப்பீனும் கரோட்டினும் ஏறியதாகவே தெரியவில்லை. 28 கிராம் எண்ணெயோடு உண்டபோது நன்றாக ஏறியது. எண்ணெய் இல்லாத சாலட்டை ஆரோக்கியம் என்று நினைத்து உண்பவர்கள், அதன் நிறமிகளில் பெரும்பகுதியை உடலில் ஏற்றாமலே வெளியேற்றிவிடுகிறார்கள்.

இதற்காக இதை உடல் இளைக்கும் உணவு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நான்கு மேசைக்கரண்டி எண்ணெயில் மட்டும் 450 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஃபெட்டாவில் 100 கிராமுக்கு இரண்டிலிருந்து மூன்று கிராம் வரை உப்பு. அமெரிக்க ஆய்வாளர் அன்செல் கீஸ் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் கிரீட் தீவின் ஆண்கள் தங்கள் ஆற்றலில் ஏறக்குறைய 40 விழுக்காட்டைக் கொழுப்பிலிருந்து, அதிலும் பெரும்பாலும் ஆலிவ் எண்ணெயிலிருந்து பெற்றார்கள். மாரடைப்பு இறப்போ அவர்களிடம் மிகக் குறைவாக இருந்தது. அவர்கள் நாள் முழுக்க வயலில் உழைத்தவர்கள், இறைச்சி அரிதாக உண்டவர்கள் என்பதையும் சேர்த்தே அந்த ஆய்வைப் படிக்க வேண்டும்.

ஓரிகானோவைப் பற்றி ஒரு சொல். கிரேக்க ஓரிகானோவின் மணம் கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு சேர்மங்களிலிருந்து வருவது. இரண்டும் நமக்குப் பழக்கமானவை: நம் கற்பூரவள்ளி இலையில் கார்வக்ராலும் ஓமத்தில் தைமாலும் இருக்கின்றன. பெரும்பாலான மூலிகைகள் உலர்ந்தால் மணமிழக்கும்; ஓரிகானோவின் எண்ணெய் இலைமேல் உள்ள நுண்ணிய சுரப்பிகளில் பத்திரமாக இருப்பதால் உலர்ந்தும் மணக்கிறது. உள்ளங்கைகளுக்கு இடையில் கசக்கித் தூவினால் அந்தச் சுரப்பிகள் உடையும். பீட்சாவோடு வரும் பொட்டலத் தூளில் பெரும்பாலும் சுரப்பிகள் முன்பே உடைந்து மணம் போயிருக்கும். இலைக்கொத்தாகவோ பெரிய இலைத்துணுக்காகவோ கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நிழலில் காயவைத்த கற்பூரவள்ளி ஓரளவுக்கு ஈடுகொடுக்கும். ஓமம் வேண்டாம், சாலட்டையே அமுக்கிவிடும்.

நான்கு பேருக்குச் செய்முறை இப்படி. ஃபெட்டாவை அரைமணி நேரம் முன்பே குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். குளிரில் அதன் மணம் எழும்பாது. ஒரு சிறிய வெங்காயத்தை வளையமாக அரிந்து குளிர்ந்த நீரில் போடுங்கள். பழுத்த தக்காளி அரைக் கிலோவை அகன்ற தட்டின் மேலேயே பிடித்து, வாய்கொள்ளும் அளவில் துண்டாக்குங்கள். சாறு தட்டிலேயே விழட்டும். அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாக உப்புத் தூவுங்கள், ஃபெட்டாவும் ஆலிவும் தங்கள் பங்கு உப்பைக் கொண்டுவரும். தக்காளி நீர்விடும் நேரத்தில் வெள்ளரி ஒன்றைத் தோலைக் கோடுகோடாகச் சீவி அரை விரற்கடை தடிமனில் நறுக்குங்கள்; பாதிக் குடைமிளகாயை வளையமாக அரியுங்கள். வெங்காயத்தை வடித்து எல்லாவற்றையும் தக்காளியோடு சேர்த்துக் கையால் ஒரு தடவை புரட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு கலமாட்டா ஆலிவ் காய்களை அங்கங்கே வையுங்கள். தக்காளி புளிப்பில்லாத ரகமாக இருந்தால் மட்டும் ஒரு தேக்கரண்டி திராட்சைப்புளிக்காடி. பிறகு 150 முதல் 200 கிராம் ஃபெட்டாவை ஒரே பாளமாக மேலே கிடத்தி, ஓரிகானோவைக் கசக்கித் தூவி, நான்கு மேசைக்கரண்டி எண்ணெயை ஃபெட்டாவின் மேலாகவே ஊற்றுங்கள். ஃபெட்டாவை முன்பே உதிர்த்துக் கலந்தால் சாறு முழுவதும் வெண்மையாகக் கலங்கி, எல்லாக் காயும் ஒரே சுவையாகிவிடும். பாளமாக இருந்தால் உண்பவர் தனக்கு வேண்டியதை உடைத்துக்கொள்வார். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் சுவை மாறிக்கொண்டே இருக்கும்.

ஃபெட்டா கிடைக்காத ஊரில் பனீரை வைத்துச் செய்ய முடியுமா என்று கேட்பார்கள். பனீர் கொதிக்கும் பாலைப் புளிப்பால் திரித்தது. நுண்ணுயிர்ப் பக்குவமும் இல்லை, முதிர்வும் இல்லை. ஒரு லிட்டர் நீருக்கு 60 கிராம் உப்பும் ஓர் எலுமிச்சைச் சாறும் கலந்து, அதில் பனீர்த் துண்டை இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் ஊறவைத்தால் உப்பும் புளிப்பும் ஏறும். ஆட்டுப்பாலின் மிளகுத்தன்மை வராது. சாலட்டாக அது நன்றாகவே இருக்கும், வேறு பெயரில்.

செய்த சாலட்டை எடுத்து வைக்க வேண்டாம். நம் வெயிலில் இரண்டு மணி நேரம் வெளியே இருந்தால் பாதுகாப்பும் போய்விடும். பாக்கெட்டில் மிஞ்சிய ஃபெட்டாவை மட்டும் காயவிடாமல் அதன் உப்புநீரிலேயே மூழ்கியிருக்கும்படி மூடிக் குளிரில் வையுங்கள். உப்புநீரைக் கொட்டியிருந்தால் மேலே சொன்ன அளவில் புதிதாக உப்புநீர் கலந்துகொள்ளலாம், எலுமிச்சை இல்லாமல். வெறும் நீரில் போட்டால் உப்பு வெளியேறி, கட்டி நீரை உறிஞ்சி, இரண்டொரு நாளில் கொழகொழத்துவிடும்.